மனதுக்குள் பாடும் பெட்டி

பெஞ்சின் மேல் கிடந்த எலக்ட்ரானிக் போர்டு பாடிக்கொண்டிருந்தது. திரையில் அப்படித்தான் போட்டிருந்தது. பாட்டு ஓடுகிறது, பிழை ஏதும் இல்லை, எல்லாம் நலம். அவள் ஸ்பீக்கரின் மேல் காதை வைத்துப் பார்த்தாள். காது சில்லென்றது. அவ்வளவுதான்.

"வருதாம்மா?" கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து முதலாளி கேட்டார்.

"ஓடுது சார்."

"ஓடுதா, வருதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஓடுது. வரலை."

"பஸ்ஸைப் பத்தி சொல்ற மாதிரியே சொல்றியேம்மா. சரி, பார்த்துக்கலாம்."

முதலாளிக்கு எல்லாமே 'பார்த்துக்கலாம்'தான். மின்சாரம் போனாலும் பார்த்துக்கலாம், வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் பார்த்துக்கலாம். அவள் மனதுக்குள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான். பார்த்துக்கொள்வது என்னவோ அவள்தான்.

அலுவலகம் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. ஒரே அறை. கீழே புது மெத்தைகளைப் பிரிக்கும்போதெல்லாம் பஞ்சுத் துணுக்குகள் ஜன்னல் வழியே மேலேறி வந்து, வெயிலில் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு, எங்கே உட்காரலாம் என்று யோசிப்பவை போலத் தயங்கிக் கீழிறங்கும். அந்த அறையில் மதிய வேளையில் விழித்திருப்பதே ஒரு வேலை. அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. யாரும் பேச வேண்டாம். போர்டு பேசாது. சாலிடர் செய்யும்போது எழும் மெல்லிய புகை பேசாது. முதலாளி பேசுவார், ஆனால் பதில் எதிர்பார்க்க மாட்டார்.

பிரச்சினை அந்தப் போர்டை வைத்துச் செய்யவேண்டிய பெட்டிதான். ஒரு விடுதியிலிருந்து முதலாளிக்குப் போன் வந்திருந்தது. பேசி முடித்ததும் அவர் உற்சாகமாக எழுந்து வந்து சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதினார். 'பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் கருவி. இதமான ஒலி. மெதுவாகத் தொடங்கி மெதுவாக ஏற வேண்டும். கூசக் கூடாது.'

"கூசக் கூடாதுன்னா சார்?"

"காது கூசக் கூடாதும்மா. சின்னப் பிள்ளைங்க."

"ஒரு மணி வச்சா போதாதா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். மணியெல்லாம் எங்களுக்குச் சரிப்படாதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. நாசூக்கான இடம் போல. நாமளும் நாசூக்காவே பண்ணுவோம்." மூடியைப் பேனாவில் மாட்டிவிட்டு, நினைவு வந்தவர் போலத் திரும்பினார். "இது மட்டும் ஒப்பேறிடுச்சுன்னா நீ இந்தப் பெஞ்சிலேயே நிரந்தரம். ஒப்பேறலைன்னாலும் கவலைப்படாதே. முன்மேசை காலியா இருக்கு. போன் எடுக்கணும், வர்றவங்களைப் பார்த்து நாலு வார்த்தை சிரிச்சுப் பேசணும். சுலபமான வேலை."

அவள் போர்டை அவசரமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

போன் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம். அடிக்கும்போது கையில் பிடித்துக்கொண்டு, அது தானாக ஓயட்டும் என்று காத்திருப்பாள். ஓய்ந்ததும், 'மன்னிக்கவும், கவனிக்கவில்லை' என்று எழுதி அனுப்புவாள். கேஸ் சிலிண்டருக்குச் சொல்வதென்றால்கூட என்ன பேசுவதென்று முதலில் மனதுக்குள் ஒத்திகை பார்ப்பாள். ஒத்திகையில் எதிர்முனைக்காரர் எப்போதும் நல்லவராக இருப்பார். உண்மையில் அவர் எடுத்ததும் "யாரு?" என்பார். அதோடு அவளுக்குத் தன் பெயரே மறந்துவிடும்.

ஆகவே போர்டு பாடியே ஆகவேண்டும்.

கோளாறு எங்கே என்று அவளுக்கு ஓரளவு தெரிந்தது. போர்டை இயக்கும் லினக்ஸ் என்கிற மென்பொருளுக்குப் பாட்டு என்பது வெறும் எண்களின் வரிசை. அந்த எண்களை ஒலியாக மாற்றுவது கோடெக் என்கிற சில்லு. விரல் நகத்தில் பாதி இருக்கும். போர்டின் தொண்டை அதுதான். அந்தத் தொண்டையோடு லினக்ஸ் பேசுவதற்கு டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். அவள் டிரைவரைப் போட்டிருந்தாள். ஆனால் சில்லின் முகவரியில் ஒரே ஓர் எழுத்தைத் தப்பாகக் கொடுத்திருந்தாள். அந்த முகவரியில் யாரும் இல்லை. லினக்ஸோ அதற்காக மனம் தளரவில்லை. பொய்யாக ஒரு தொண்டையைச் செய்து வைத்துக்கொண்டு, அதில் மனதுக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தது.

அதைக் கண்டுபிடித்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. பள்ளியில் எல்லாரும் சேர்ந்து பாடும்போது வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்ற பெண்ணல்லவா அவள். போர்டின் மேல் பாசம்தான் வந்தது.

முகவரியைத் திருத்தினாள். கோடெக் பதில் சொன்னது. பாட்டை ஓடவிட்டாள். இப்போதும் சத்தம் இல்லை.

"வருதா?" என்றார் முதலாளி.

"ஓடுது சார்."

"ஏம்மா, ஓடுது ஓடுதுங்கிற. ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நடு நடுவுல வந்து உன் திரையைப் படிச்சுக்கிட்டு இருக்க முடியுமா?"

நியாயம்தான். அவள் ஒரு சின்ன எல்இடி விளக்கைப் போர்டில் மாட்டி, பாட்டின் ஏற்றத்துக்கு ஏற்ப அது பிரகாசமாகும்படி சில வரி நிரல் எழுதினாள். முதலாளி தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"மின்மினிப் பூச்சி மாதிரி இருக்கு. எனக்கே தெரியலை, வாடிக்கையாளருக்கு எங்கே தெரியப்போகுது? பெரிசா வை."

மறுநாள் அவரே வீட்டிலிருந்து பால்வெள்ளைக் கண்ணாடிக் குண்டு போட்ட படுக்கையறை விளக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்க வீட்டம்மா இதைத் தலையில இடிச்சுக்கறேன்னு தினமும் என்னைத் திட்டறா. இங்கேயே இருக்கட்டும்."

இப்படியாக, பாட்டு இல்லாத பெட்டிக்கு ஒரு பெரிய விளக்கு கிடைத்தது.

அன்று மாலை அவள் வீட்டில் அக்கா கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கு அழகு நிலையத்தில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே ஊர்க்கதை பேசுவாள். கால்தான் வலிக்கும், வாய்க்கு வலியே கிடையாது.

"என்னடி, முகம் தொங்கிப் போயிருக்கு?"

"போர்டு பேச மாட்டேங்குது."

"பேசாதவ கையில பேசாத போர்டைக் குடுத்தா அது எப்படிடி பேசும்? ரெண்டும் நீ முதல்ல பேசு, நீ முதல்ல பேசுன்னு உட்கார்ந்திருப்பீங்க."

"டிரைவர்ல ஏதோ தகராறு."

"டிரைவர் சரியில்லைன்னா இறக்கிவிட்டுட்டு நீயே ஓட்டு."

"இது அந்த டிரைவர் இல்லைக்கா."

"எந்த டிரைவரா இருந்தா என்ன, நம்ம சொன்னா கேக்கணும்ல?" அக்கா ஒரு காலை எடுத்துத் துடைத்தாள். "இங்க பாரு. முன்மேசைல உட்கார வச்சாங்கன்னா நீ ஒரு வாரத்துல வேலையை விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்துடுவே. எனக்குத் தெரியும். அதனால அந்தப் பெட்டியைப் பாட வை. இல்லைன்னா பெட்டிக்குள்ள நீ உட்கார்ந்து பாடு."

மறுநாள் மதியம், பஞ்சு மிதக்கும் நேரத்தில், அவள் போர்டின் பக்கத்தில் தலையைச் சாய்த்தாள். ஒரு நிமிடம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நீண்ட தாழ்வாரம். இரண்டு பக்கமும் ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் கனத்த திரை. தரை முழுக்கச் சாம்பல் நிற வெளிச்சம், தண்ணீர் போல. தாழ்வாரத்தின் கோடியில் ஒருவர் உட்கார்ந்து புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தார். விரல்கள் அசைந்தன, கன்னம் உப்பி அடங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. "ஏன் கேக்க மாட்டேங்குது?" என்று அவள் கேட்டாள். கனவில் அவளுக்குக் கூச்சமே இல்லை. அவர் குழலை எடுத்து, அதன் நுனியால் ஜன்னல்களைக் காட்டினார். "எல்லாத்தையும் மூடி வச்சுக்கிட்டு என்னைக் கேட்டா?" என்றார்.

விழித்தபோது கன்னத்தில் விசைப்பலகையின் தடம் பதிந்திருந்தது. கோடெக்கின் உள்வழிகள்! அந்தச் சில்லுக்குள் ஒலி போகிற ஒவ்வொரு வழிக்கும் ஒரு கதவு உண்டு. புதிதாக உயிர் பெறும்போது எல்லாக் கதவுகளும் சாத்தியே இருக்கும். அவள் பட்டியலைத் திறந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் திறந்துவிட்டாள். எது எங்கே போகிற கதவு என்று பார்க்கவில்லை. கனவில் வந்தவர் எல்லாத்தையும் என்றுதானே சொன்னார்.

ஹெட்போனில் சத்தம் வந்தது.

முதலாளி ஓடி வந்து ஒரு பக்கத்தைக் காதில் வைத்தார். முகம் மாறியது. "யாருக்கும்மா வயிறு சரியில்லை?"

"புல்லாங்குழல் சார். சில்லோட கடிகாரம் ஒத்துப்போகலை. பாதி வேகத்துல ஓடுது."

"இதைக் கேட்டா எழுந்த பிள்ளைங்களும் மறுபடி படுத்துக்கும்மா."

உண்மைதான். அந்த மந்தமான முனகலைக் கேட்டபடி இருவரும் சற்று நேரம் நின்றார்கள். முதலாளி கொட்டாவி விட்டார். அவளும் விட்டாள். கீழே மெத்தைக் கடையில் யாரோ கொட்டாவி விட்டதுகூடக் கேட்டது போல இருந்தது.

கோடெக்குக்குத் தாளம் போடும் கடிகாரத்தின் எண்ணை மாற்றினாள். புல்லாங்குழல் கொசுவாக மாறியது. முதலாளி தன்னையறியாமல் புறங்கையில் ஓர் அடி வைத்தார். அவள் இன்னொரு எண்ணை மாற்றினாள். கொசு செத்து, வெறும் இரைச்சல் வந்தது. இன்னொன்றை மாற்றியதில் இரைச்சலும் போயிற்று. முதலாளி "பார்த்துக்கலாம்" என்றார். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை. முன்மேசை மேல் இருந்த தூசியை அவர் துடைத்து வைப்பதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கடைசியில், விடுதிக்குக் கிளம்ப வேண்டிய நாளின் காலையில், எண்கள் பொருந்தின. ஹெட்போனில் புல்லாங்குழல் வந்தது, குழலாகவே. விடியும் முன் யாரோ தூரத்தில் வாசித்தபடி நடந்து, மெல்ல மெல்லப் பக்கத்தில் வருவது போல. அவள் கண்களை மூடிக்கொண்டாள். அவள் திறந்துவிட்ட தொண்டை அது. அறை, பெஞ்சு, மெத்தை வாசம் எல்லாம் ஒரு நிமிடம் தண்ணீருக்குள் போய்விட்டன.

கண்ணைத் திறந்தால், முதலாளி போர்டைப் பெட்டிக்குள் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"சார், ஸ்பீக்கர்ல இன்னும் போட்டுப் பார்க்கலை."

"நேரமாச்சும்மா. ஹெட்போன்ல வந்தா ஸ்பீக்கர்லயும் வரும். எல்லாம் ஒரே வயருதானே? பாரு, உள்ளே வயரெல்லாம் எவ்வளவு அழகா மடிச்சு வச்சிருக்கேன். சத்தம் பத்தாம போயிடக் கூடாதுன்னு குமிழையும் முழுசா திருப்பி வச்சுட்டேன்."

அழகாகத்தான் மடித்திருந்தார். ஆனால் போர்டில் ஒரு மைக்கும் உண்டு. அந்த மைக் இப்போது ஸ்பீக்கரின் வாய்க்கு நேராக இருந்தது. அவள் திறந்துவிட்ட கதவுகளில் மைக்கின் கதவும் ஒன்று. இதையெல்லாம் அவள் வண்டி பாதி தூரம் போன பிறகுதான் நினைத்துப் பார்த்தாள். சொல்லலாமா என்று ஒத்திகை பார்த்தாள். ஒத்திகை முடிவதற்குள் விடுதி வந்துவிட்டது.

பெட்டி பெரியது என்பதால் காவலாளி அவர்களைச் சமையலறைப் பக்கத்துப் பின்வாசல் வழியாக அனுப்பினார். விடுதிப் பொறுப்பாளர் அம்மா வந்து அழைத்துப்போனார். சுருக்கமே இல்லாத பருத்திச் சேலை, சுருக்கங்கள் நிறைந்த சிரித்த முகம்.

"பிள்ளைங்க மதியத் தூக்கத்துல இருக்காங்க. இப்பவே வச்சுப் பார்த்துடலாம். வாங்க."

நீலத் திரை போட்ட நீண்ட கூடம். வரிசையாகக் கட்டில்கள். திரையின் நிறம் எல்லாக் குழந்தைகளின் மேலும் படிந்திருந்தது. ஒரு குழந்தை வாயைத் திறந்தபடி, இன்னொன்று குப்புறப் படுத்து, ஒன்று தலையணையை விட்டுவிட்டுத் தன் செருப்பைக் கட்டிக்கொண்டு. கோடியில் ஆயாம்மா ஒருவர் ஓசையில்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அங்கேயே ஒரு கட்டிலில் படுத்துவிடலாம் போல இருந்தது. இவ்வளவு அமைதியான இடத்தை அவள் பார்த்ததில்லை.

முதலாளி பெட்டியை நடுவில் வைத்து, கோயில் நடை திறப்பவர் போல நிமிர்ந்து நின்றார். "போடும்மா."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

விளக்கு மங்கலாக விழித்தது. அடுத்த நொடி பெட்டி ஊளையிட்டது. ஸ்பீக்கர் கத்தியதை மைக் கேட்டு, அதை ஸ்பீக்கரிடமே சொல்ல, ஸ்பீக்கர் இன்னும் பலமாகக் கத்த, பல்வலி வந்த ரயில் ஒன்று கூடத்துக்குள் நுழைந்தது போல இருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. பொறுப்பாளர் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். ஆயாம்மாவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"பார்த்துக்கோம்மா!" என்று முதலாளி அலறினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லை அவர் வேறு விதமாகச் சொன்னார். ஒரு தலையணையை எடுத்துப் பெட்டியின் வாயில் அமுக்கினார். பெட்டி தலையணைக்குள்ளிருந்தும் ஊளையிட்டது.

அவள் குழந்தைகளைப் பார்த்தாள். எல்லாரும் பயந்து அழப்போகிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் ஒரு குழந்தைகூட அசையவில்லை. செருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது மட்டும் மறுபக்கம் திரும்பி, கன்னத்துக்கடியில் கையை வைத்துக்கொண்டது. அவளுக்குத் தான் இன்னும் பெஞ்சில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது. கனவில்தான் இப்படியெல்லாம் நடக்கும்.

பெட்டியின் பின்பக்கம் கையை விட்டு, அகப்பட்ட ஸ்பீக்கர் வயரைப் பிடித்து இழுத்தாள். வயர் கையோடு வந்தது.

அமைதி. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள். முன்மேசை, போன், "யாரு?".

ஆனால் பெட்டிக்குள் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது, வழக்கம் போல மனதுக்குள். அது ஏற ஏற விளக்கும் ஏறியது. பால்வெள்ளைக் குண்டு முதலில் சாம்பலாக, பிறகு வெளிர் மஞ்சளாக, பிறகு காலைப் போல ஆயிற்று. நீலக் கூடத்தில் அந்த வெளிச்சம் கட்டில் கட்டிலாக நடந்து போனது. வாயைத் திறந்து தூங்கிய குழந்தை வாயை மூடி, கண்ணைத் திறந்தது. குப்புறப் படுத்தது புரண்டது. ஒன்றன் பின் ஒன்றாக எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். பொறுப்பாளர் அம்மா அவளைச் சுட்டிக்காட்டினார். குழந்தைகள் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, விரல்களை விரித்து ஆட்டினார்கள். கூடம் முழுக்கச் சின்னச் சின்ன இலைகள் காற்றில் அசைவது போல இருந்தது. அவளும் கூச்சத்தோடு ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள்.

"ரொம்ப அழகா எழுப்புது," என்றார் பொறுப்பாளர் அம்மா. கண் கலங்கியிருந்தது. "தினமும் ஒவ்வொருத்தரா தொட்டு எழுப்பினா பாதிப் பேர் திடுக்கிட்டு அழுவாங்க. இன்னிக்கு ஒருத்தர்கூட அழலை. நான் போன்ல சொன்னது அப்படியே இருக்கு. எல்லாக் கூடத்துக்கும் ஒண்ணு வேணும். அந்தச் சத்தம் மட்டும் வேண்டாம், எனக்குத் தலை வலிக்குது."

சொல்லிவிட்டு அவர் குழந்தைகளிடம் போனார்.

முதலாளி தலையணையை இன்னும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். மெல்ல அவருக்கு மூச்சு திரும்பியது. மூச்சோடு தெம்பும் திரும்பியது.

"பார்த்துக்கலாம்னு சொன்னேன்ல? நீ பெஞ்சிலேயே இரும்மா, அதுதான் உன் இடம். போன் பேசறது, ஆள் என்ன கேக்கறாங்கன்னு சரியாப் புரிஞ்சுக்கறது, இதெல்லாம் வேற வித்தை. அதை நானே வச்சுக்கறேன்." தலையணையை ஒரு கட்டிலில் வைத்துவிட்டு வண்டியை வாசலுக்குக் கொண்டுவரப் போனார்.

அவளுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அறிவியல் படித்தவள். காரணம் தெரியாத வெற்றி அவளுக்கு உறுத்தியது. கையில் அறுந்த வயரோடு கூடத்தின் கோடிக்குப் போனாள். ஒத்திகை பார்க்காமலேயே பேசிவிட்டாள்.

"ஆயாம்மா, அவ்வளவு சத்தத்துலயும் எப்படி ஒரு பிள்ளைகூட எழுந்துக்கலை? நீங்க கேட்ட ஒலி கடைசி வரைக்கும் சரியா வரவே இல்லையே."

ஆயாம்மா கீழே விழுந்த துணியை எடுத்து உதறியபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒலியா? இங்க எந்தப் பிள்ளைக்கும்மா காது கேக்கும்? எங்க பொறுப்பாளர் அம்மா போன்ல கேட்டது குண்டு ளி போட்ட ஒளி!"